திறமை இருந்தால் வந்துவிடுவானாம்

மதுரையில் எந்தக் கலைவிழாவுக்குப் போனாலும் சிறப்புரையில் ஒரு பேச்சு தவறாமல் வருகிறது. "உண்மையான கலைஞனை யாரும் கைதூக்கிவிடத் தேவையில்லை. உள்ளுக்குள் நெருப்பு இருந்தால் எப்படியும் மேலே வந்துவிடுவான்." கூட்டம் கைதட்டுகிறது. பேசியவர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு உட்காருகிறார். பேசிய தொகையில் மீதி எப்போது கைக்கு வரும் என்று விழாக்குழுச் செயலாளர் முகத்தையே பார்த்துக்கொண்டு மேடையோரம் இருக்கும் மிருதங்கக்காரரும் சேர்ந்து தட்டுகிறார். தட்டாமல் என்ன செய்வார்?

இந்தப் பேச்சு பொய். அதிலும் காலணா செலவில்லாத பொய். வந்தவன் நெருப்பால் வந்தான், வராதவனிடம் நெருப்பு போதவில்லை என்று சொல்லிவிட்டால் கணக்கு தீர்ந்துபோகும். சக கலைஞனுக்கும் சபாக்காரருக்கும் ரசிகருக்கும் பிறகு ஒரு வேலையும் மிச்சமில்லை. நெருப்பு வேலை செய்துகொள்ளட்டும், நாம் வீட்டுக்குப் போகலாம்.

இதை மதுரையில் நின்றுகொண்டு சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். இந்த ஊரின் பெயரை வெளியே கொண்டுபோன கலைஞர்களில் யாரை எடுத்தாலும், பக்கத்தில் இன்னொரு கலைஞரின் கை இருக்கிறது. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மதுரையில் ஒரு சங்கீதப் பள்ளி தொடங்காமல் இருந்திருந்தால் மதுரை மணி ஐயர் எந்த வாசலில் போய் நின்றிருப்பார்? சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் குருகுலம் இல்லாமல் மதுரை சோமு என்ற பாட்டு எங்கிருந்து வந்திருக்கும்?

எம்.எஸ். சுப்புலட்சுமியையே எடுத்துக்கொள்வோம். 1916இல் மதுரையில் பிறந்தவர். தன் முதல் மேடையைப் பற்றி அவர் சொன்ன நினைவு பலருக்கும் தெரியும். வீட்டு வாசலில் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த சிறுமியை யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். கையையும் பாவாடையையும் தட்டிவிட்டு, சேதுபதி பள்ளியில் அம்மா சண்முகவடிவு வீணை வாசித்துக்கொண்டிருந்த மேடையில் உட்காரவைத்தார்கள். பாடச் சொன்னார்கள், பாடினாள். அப்போதும் தன் நினைப்பெல்லாம் விட்டுவந்த மண் விளையாட்டில்தான் இருந்தது என்று பின்னாளில் அவரே சொன்னார். இந்தக் காட்சியில் நெருப்பு எங்கே இருக்கிறது? இருந்தது வேறு: அம்மா கையில் வீணை, பாட்டி அக்கம்மாள் கையில் வயலின், "பாடு" என்று சொல்ல ஒரு குரல், உட்கார்ந்து கேட்க ஒரு கூட்டம். பத்து வயதில் கிராமபோன் தட்டும் வந்துவிட்டது. பாட்டின் மேல் அவருக்கு இருந்த வேட்கையை யாரும் சந்தேகிக்க முடியாது. ஆனால் அது மண்ணளைந்த கையோடு வாசலில் பிறக்கவில்லை. மேடை முந்திக்கொண்டது, சாதகம் அதன் பின்னால் வந்தது, வேட்கை அந்தச் சாதகத்தில் ஊறியது.

நம் பேச்சாளர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறார்கள். வேட்கை முதலில் பிறக்குமாம், அது வாய்ப்பைத் தேடிக்கொண்டு ஓடுமாம். அப்படி ஓடிய சிலர் இருக்கலாம். நான் பார்த்தவரை, பெரும்பாலோருக்கு யாரோ ஓர் இடம் கொடுத்தார்கள். அந்த இடத்தில் தட்டுத்தடுமாறி நின்று, கை பழகி, தன்னைக் கவனிக்க ஓர் ஆள் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் விட முடியாத பித்து பிடித்தது.

நாடகத்துக்கு வருவோம், ஏனென்றால் மதுரை முதலில் நாடக ஊர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் இங்கே தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கினார். பிள்ளைகளை வைத்து நடத்திய பாய்ஸ் கம்பெனி. அதில் சேர்ந்த டி.கே.எஸ். சகோதரர்களில் சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அந்தப் பிள்ளையிடம் ஏதோ இருக்கிறது என்று சுவாமிகளுக்குப் பட்டது. பட்டவுடன் என்ன செய்தார்? "இவனிடம் நெருப்பு இருக்கிறது, தானே வந்துவிடுவான்" என்று படுத்துத் தூங்கவில்லை. விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரே இரவில், பாட்டும் வசனமுமாக நான்கு மணி நேரம் ஓடக்கூடிய 'அபிமன்யு சுந்தரி'யை எழுதி முடித்தார். அடித்தல் திருத்தல் இல்லாத கைப்பிரதி என்று சண்முகம் தன் நாடக வாழ்க்கை வரலாற்றில் வியந்து எழுதியிருக்கிறார். பத்து வயதுகூட நிரம்பாத ஒரு பையனுக்காக, நாடக உலகமே ஆசானாக மதித்த ஒருவர் ஓர் இரவுத் தூக்கத்தைக் கொடுத்தார். பையனுக்கு ஏற்றபடி பாட்டைச் சுருக்கி எளிதாக்கவும் இல்லை. பாட்டுக்கு ஏற்றபடி பையன் வளரட்டும் என்று விட்டார்.

சக கலைஞனை ஊக்கப்படுத்துவது என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான். முதுகில் தட்டி "நல்லா வருவே" என்பதற்கு அரை நொடி போதும், அதுவும் பெரும்பாலும் அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சொல்வது. சுவாமிகள் வேலை செய்தார். அடுத்தவன் நிற்பதற்கு ஓர் இடத்தைத் தன் கையால் செய்துகொடுத்தார்.

பாய்ஸ் கம்பெனிகளை நான் கொண்டாடவில்லை. வீட்டைப் பிரிந்த பிள்ளைகள், அடி, அரைத்தூக்கம் எல்லாம் அங்கே உண்டு. அந்தக் கதைகளைப் படித்தால் இன்றைக்கும் வயிறு கலங்கும். ஆனாலும் அந்த ஒரு கைப்பிரதி எங்கே போய் நின்றது என்று பாருங்கள். 1922இல் சுவாமிகள் மறைந்தார். 1925இல் சகோதரர்கள் தங்கள் சொந்த சபையைத் தொடங்கினார்கள். அவர்கள் குழுவில் என்.எஸ். கிருஷ்ணன் இருந்தார், கே.ஆர். ராமசாமி இருந்தார், எஸ்.வி. சகஸ்ரநாமம் இருந்தார். வெகுகாலம் கழித்து கமல்ஹாசன் என்ற சிறுவனும் சண்முகத்திடம்தான் நாடகம் பழகினார். இத்தனை பேரிடமும் நெருப்பு இருந்திருக்கும். அது பற்றுவதற்கு ஒரு கூரை வேண்டியிருந்ததே, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இப்போது எதிர்த்தரப்பின் பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். "நர்த்தகி நடராஜைப் பாருங்கள்" என்பார்கள். சரியான உதாரணம்தான், அதனால்தான் அதை அவர்கள் கையிலேயே விட்டுவிட மனமில்லை. மதுரை அனுப்பானடியில் பிறந்தவர். திருநங்கை என்பதால் வீடும் தெருவும் கதவைச் சாத்தின. வைஜெயந்திமாலாவின் ஆட்டத்தைச் சினிமாவில் பார்த்துத் தானாக ஆடிப் பழகினார். 1980களில் தஞ்சாவூர் போய், தஞ்சை நால்வர் மரபில் வந்த கே.பி. கிட்டப்பா பிள்ளையிடம் சேர்ந்து, 2019இல் பத்மஸ்ரீ வாங்கினார். பார்த்தீர்களா, தனி நெருப்பு!

தனியாகவா? மதுரையிலிருந்து கிளம்பியது இரண்டு பேர். உடன் போனவர் சிறுவயதுத் தோழி சக்தி. அவரும் திருநங்கை, அவரும் ஆடுகிறவர். பரிகசித்த தெருவில் சேர்ந்து நடந்தது, ஒளிந்து ஆடியது, தஞ்சாவூரில் காத்துக்கிடந்தது எல்லாமே இரண்டு பேராகத்தான். நர்த்தகியின் கதையை மேடையில் சொல்லும் நம் ஆட்கள் சக்தியின் பெயரை விழுங்கிவிடுகிறார்கள், ஏனென்றால் அந்தப் பெயர் வந்தவுடன் அவர்கள் வாதம் நொண்டிவிடும். கிட்டப்பா பிள்ளையையும் விட்டுவிடக் கூடாது. உடனே சேர்த்துக்கொள்ளவில்லை அவர். ஒரு வருடம் போல அலையவிட்டார். அப்புறம் சேர்த்துக்கொண்டு, ஏறக்குறைய 15 வருடம் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். நர்த்தகி என்ற பெயரே அவர் வைத்ததுதான். ஊர் முழுக்க வாய்க்கு வந்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட ஒருவருக்கு, வித்தையின் பெயரையே பெயராக வைப்பது எவ்வளவு பெரிய காரியம்! நர்த்தகியின் உறுதியை நான் ஒரு குண்டுமணி குறைக்கவில்லை. அதே அளவு உறுதியோடு, ஒரு சக்தியும் ஒரு கிட்டப்பா பிள்ளையும் அமையாமல், எந்த ஊரின் எந்தச் சந்திலோ முடிந்துபோனவர்கள் எத்தனை பேர் என்று கேட்கிறேன். அவர்களுக்குப் பாராட்டு விழா கிடையாது, சிறப்புரையும் கிடையாது. கரையேறியவர்களை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு ஆற்றில் ஆழமே இல்லை என்று சொல்வது என்ன நியாயம்?

இன்னொரு உதாரணமும் அடிக்கடி வரும்: மனோகர் தேவதாஸ். மதுரையில் வளர்ந்தவர். மீனாட்சியம்மன் கோயிலையும் யானைமலையையும் பேனாவும் மையுமாக நுணுக்கிக் கோடிழுத்தவர். விழித்திரை நோயால் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தபோதும், தடிமனான கண்ணாடிகளை மாட்டிக்கொண்டு, ஒரு நேரத்தில் தாளின் சின்னஞ்சிறு பகுதி மட்டும் தெரிய, அதிலேயே வரைந்தார். 2020இல் பத்மஸ்ரீ, 2022இல் மறைவு. "கண்ணே போனாலும் கலை போகாது" என்று முடித்துவிடுவார்கள். நடுவில் இருந்ததை யார் சொல்வது? அவர் பேட்டரி கம்பெனியில் வேதியியலாளர், பல ஆண்டுகள் மாதச் சம்பளம் வாங்கியவர். 1972இல் நடந்த சாலை விபத்தில் தோளுக்குக் கீழே அசைவில்லாமல் போன மனைவி மஹிமா, அவருடைய ஓவியங்களோடு போன வாழ்த்து அட்டைகளுக்கு வாசகம் எழுதினார். தன் கடைசிவரை அவர் கோட்டுக்குத் துணையாக இருந்தார். ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட வலு அது. வேலையை உதறிவிட்டுக் கனவின் பின்னால் ஓடு என்று மைக் பிடித்துச் சொல்கிறவர்கள் இந்தச் சம்பளத்தையும் இந்த மஹிமாவையும் கழித்துவிட்டு மனோகரைக் காட்டக் கூடாது. சம்பளம் கலையைக் கெடுக்கும் என்பது சம்பளம் வாங்குகிறவர்களின் கற்பனை.

அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்த பண்ணைப்புரத்து இளையராஜாவின் கதை எல்லோருக்கும் மனப்பாடம். அம்மா சின்னத்தாய் வீட்டு ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று, மொத்தத்தையும் மகன்கள் கையில் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். 1968 அது. 'அன்னக்கிளி' வந்தது 1976. ரேடியோவைப் பற்றி உருகிவிட்டு எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். அதற்கு முன்னால் அண்ணன் பாவலர் வரதராசன் தம்பியைக் கச்சேரி கச்சேரியாகக் கூட்டிக்கொண்டு அலைந்த வருடங்கள், பின்னால் தன்ராஜ் மாஸ்டர் சொல்லிக்கொடுத்த பாடம், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்த நாட்கள், கடைசியில் படத்தைக் கையில் கொடுத்த பஞ்சு அருணாசலம்: இந்த வரிசையில் ஒரு கண்ணியை உருவிப் பாருங்கள்.

இவ்வளவும் கதவு திறந்திருந்தவர்களின் கதை, அல்லது தட்டினால் திறக்கும் கதவின் கதை. அலங்காநல்லூர்ப் பக்கம் போனால் நெருப்புத் தத்துவம் இன்னும் கேவலமாகத் தெரியும். அந்த ஊரின் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். பறையடிப்பது தலைமுறை தலைமுறையாக ஒரு சாதியின் தலையில் கட்டிய கட்டாயம். சாவு விழுந்தால் வந்து அடி, முடிந்ததும் தள்ளி நில். அப்படி நின்றவர்களின் பிள்ளையிடம் "உனக்குக் கலை மேல் வேட்கை இருக்கிறதா" என்று கேட்பது எவ்வளவு அபத்தம்! கை தேர்ந்த அடி அங்கே எப்போதும் இருந்தது. இல்லாதது மரியாதை. அந்த வாத்தியத்தை மேடைக்குக் கொண்டுவந்து, யார் வந்து கேட்டாலும் சொல்லிக்கொடுத்து, இன்று கல்லூரிப் பெண்கள் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிற நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் பறைக் கலைஞர்களும் அவர்களோடு நின்ற இயக்கத்தாரும்தான். திறமை இருந்தால் வந்துவிடுவானாம். இத்தனை தலைமுறை ஏன் வரவில்லை, திறமை இல்லாமலா?

சரி, ஊக்கம் தேவை என்றே வைத்துக்கொள்வோம், அதிகம் ஊக்கப்படுத்தினால் கெட்டுப்போவார்களே, தலைக்கனம் ஏறிவிடுமே என்று அடுத்த அணி வரும். பாராட்டுக்கும் ஊக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாததால் வரும் பயம் இது. பொன்னாடை, ஷீல்டு, ஃப்ளெக்ஸில் சிரித்த முகம், மேடையில் 'கலை' என்று தொடங்கும் ஏதாவது ஒரு பட்டம். இதெல்லாம் கெடுக்கும், நானும் ஒப்புக்கொள்கிறேன். மதுரையில் எத்தனையோ கலைஞர் வீட்டுப் பீரோவில் பொன்னாடை அடுக்க இடமில்லை. அதே வீட்டில் மிருதங்கத்துக்கு வலந்தலை மாற்றக் காசில்லை. பாராட்டு கொடுப்பவரின் முகத்தையே படத்தில் பெரிதாகக் காட்டும். ஊக்கம் அப்படியல்ல, சில நேரம் கசக்கும். ஒரு வருடம் அலையவிட்ட கிட்டப்பா பிள்ளை கொடுத்ததும் ஊக்கம்தான். "மூணாவது பாட்டுல சுருதி இறங்கிருச்சு தம்பி" என்று தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, அடுத்த கச்சேரிக்கும் முன்வரிசையில் வந்து உட்காரும் மூத்தவர் கொடுப்பதும் அதுதான். சொல்லிவிட்டு மறுபடி வராமல் போனால் அது வெறும் குறைசொல்லல்.

இதன் நுட்பத்தைப் பார்க்க வேண்டுமானால் ஸ்பெஷல் நாடகத்துக்குப் போங்கள். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் திருவிழாக்களில் ராத்திரி பத்து மணிக்கு மேல் தொடங்கி விடிய விடிய நடப்பது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். தனித்தனியாக அட்வான்ஸ் வாங்கி வந்து சேருவார்கள். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. 'வள்ளி திருமணம்' என்றால் நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்துக்காகவே கூட்டம் கண்விழித்துக் கிடக்கும். நாரதர் பழம் தின்று கொட்டை போட்டவர். வள்ளி புதிதாக வந்த பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் நினைத்தால் அந்தப் பெண்ணால் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியைப் போட்டு, சபையில் மடக்கி, கைதட்டலை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகலாம். அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. இன்னும் சிலர், கேட்கிற கேள்விக்குள்ளேயே பதிலின் நுனியை நீட்டிவிடுவார்கள். அந்தப் பெண் பிடித்துக்கொள்வாள், பாட்டை எடுப்பாள், குரல் நடுங்கினால் ஆர்மோனியப் பின்பாட்டுக்காரர் அதே இடத்தில் சேர்ந்து பாடி மூடிவிடுவார். கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. கைதட்டல் அவளுக்குப் போகும். தனக்கு வரவேண்டிய கைதட்டலில் பாதியை அந்த மூத்தவர் அங்கே விட்டுக்கொடுத்திருக்கிறார்.

நெருப்பை நம்புகிறவர்கள் இந்த இடத்தில் என்ன சொல்வார்கள்? அந்தப் பெண்ணிடம் நெருப்பு இருந்தால் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லியிருப்பாள் என்பார்கள். சொல்லியிருக்கலாம், பத்தாவது வருடத்தில். முதல் வருடத்திலேயே நாலு சபையில் மடங்கியிருந்தால் பத்தாவது வருடம் என்று ஒன்று வந்திருக்காது.

வேட்கை என்ற பேச்சுக்கு இன்னொரு முகம் உண்டு, அதன் மேல்தான் எனக்கு உச்சக்கட்டக் கோபம். "அவங்க காசுக்காகவா பண்றாங்க, ஒரு ஆர்வத்துல பண்றாங்க" என்று சொல்லித் தொகையைக் குறைப்பது. பந்தல்காரரிடமோ ஒலிபெருக்கிக்காரரிடமோ சமையல்காரரிடமோ இப்படிச் சொல்லிப் பாருங்கள், பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். கலைஞனிடம் மட்டும் வேட்கையைச் சம்பளத்தில் கழித்துக்கொள்கிறோம். மேடை கொடுத்ததே பெரிது, நாலு பேருக்கு முகம் தெரியும் என்று சொல்லி இளம் பாடகரை இலவசமாகப் பாடவைக்கிறோம். வருத்தம் என்னவென்றால் இந்தப் பேரத்தில் நடுவே நிற்பவர் பல நேரம் இன்னொரு கலைஞர். "நான் அந்தக் காலத்துல சும்மாதான் பாடினேன்" என்பார். தான் பட்டதை அடுத்தவனும் பட வேண்டும் என்பதற்கு அனுபவம் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இத்தனையும் சொல்லிவிட்டு, சோர்ந்து போயிருக்கும் ஓர் இளைய கலைஞனிடம் நான் என்ன பேச முடியும்? "உன் நெருப்பை அணையவிடாதே" என்று சொல்ல மாட்டேன். அது பாரத்தை மறுபடி அவன் தலையிலேயே ஏற்றுவது. ஆறு மாதமாகக் கச்சேரி இல்லாதவனுக்கு வேட்கை குறைவதில் குற்றம் ஒன்றுமில்லை. சோறில்லாதவனுக்குக் கை தளர்வது போலத்தான் அது. வேட்கை குறைந்துவிட்டதே, அப்படியானால் நான் கலைஞனே இல்லையோ என்று அவன் ராத்திரியில் குமைகிறானே, அந்தக் குமைச்சலை உண்டாக்கியது நம் மேடைப் பேச்சுதான். அதனால் அவனோடு பேசுவதைவிட மூத்தவர்களோடு பேசுவதில் பயன் அதிகம் என்று நினைக்கிறேன்.

மதுரை நாடகக்காரர்கள் ஆண்டுதோறும் சங்கரதாஸ் சுவாமிகளுக்குக் குருபூஜை எடுக்கிறார்கள். தமுக்கத்தில் அவர் சிலைக்கு மாலை விழுகிறது. போடட்டும், போட வேண்டிய மாலை. கூடவே, திருவிழாக் காலத்துக்கு ஊர்க்காரர்கள் வந்து நாடகம் பேசும்போது, பேர்போன ராஜபார்ட் ஒருவர் அட்வான்ஸைக் கையில் வாங்குமுன் ஒரு வார்த்தை சொல்லலாம்: "ஸ்திரீபார்ட்டுக்கு அந்தப் புதுப் பிள்ளையைப் போடுங்க, தர்க்கத்தை நான் பார்த்துக்கிறேன். நோட்டீஸ்ல அது போட்டோவும் என் போட்டோ அளவுக்கே இருக்கணும். பேசின தொகையில அதுக்குக் குறைக்காதீங்க."